நகல் இல்லாத இடம்

அந்த நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெட்டிக்காரி என்றால்தான் தெரியும். தாய்மார்களுக்குத் தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை சொல்லும் இடம் அது. கூடத்தில் செவிலியர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரின் ஏதோ ஒரு மூலையில் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், நிறைமாதக்காரிக்கு இடுப்பு வலி என்றாலும், மணி இங்கேதான் அடிக்கும். அழைப்புகள் அத்தனையும் கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் இரைந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு சர்வர் வழியாக வந்து போகும். அந்தப் பெட்டியைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை.

எதையும் ஒற்றையாக வைத்துக்கொள்ள மாட்டாள் அவள். கைப்பையில் இரண்டு சாவிக்கொத்து, கதவு மூலையில் இரண்டு குடை, அடுப்படியில் இரண்டு லைட்டர். "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கிட்டே, புருஷன் மட்டும்தான் பாக்கி" என்று கணவன் கிண்டல் செய்வான். "உங்களை மாதிரி இன்னொண்ணா? இந்த வீடு தாங்காது" என்பாள்.

சர்வரிலும் அப்படித்தான். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அத்தனையும் அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். அதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்கித் தரவில்லை. மென்பொருளாலேயே இரண்டையும் ஜோடி சேர்த்திருந்தாள். ரெய்டு என்று பெயர். "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்கும். நீங்க நிம்மதியா பேசுங்க" என்று கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பெருமையை நம்பாத ஆள் ஒருத்தி இருந்தாள். தலைமைச் செவிலி. கூடத்தின் கடைசியில் பேசினால் வாசலில் கேட்கும் குரல் என்பதால் கணீர் அக்கா என்று பெயர் வாங்கியவள். பெட்டிக்காரியின் கணவனுக்குக் கூடப் பிறந்த அக்கா. இவளுக்கு அண்ணி முறை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் குனிந்த தலை நிமிராமல் கிடந்தவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். சேர்த்துவிட்டதை ஒரு நாளும் மறக்கவிடாததும் அவள்தான்.

"என் தம்பி பொண்டாட்டின்னு சொல்லித்தான் உன்னை உள்ளே விட்டாங்க. என் பேரைக் கெடுத்துடாதே" என்பாள், பத்துப் பேர் நடுவில்.

சர்வரை முதலில் ஓடவிட்ட வாரத்தில் அழைப்புகள் அங்கங்கே திக்கின. கணீர் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். "என்ன பெட்டியம்மா இது? பாதிப் பேச்சு வருது, பாதிப் பேச்சை உன் பெட்டி தின்னுடுது. இதைவிட மாடு கட்டின வண்டி வேகமா போகும்."

கூடமே சிரித்தது. பெட்டிக்காரிக்குக் காது மடல் வரை சூடேறியது. கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று அந்தக் கோபத்தில் செய்த ஒரு காரியம், பின்னால் எமனாக வந்து நின்றது.

சர்வரின் மெமரி ஒரு மேசை போன்றது. மேசை நிரம்பிவிட்டால், உடனே தேவைப்படாததை எடுத்து டிஸ்கில் ஒரு மூலையில் போட்டு வைக்கும். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த மூலைக்கு ஸ்வாப் என்று பெயர். முதலில் அதையும் ஜோடியாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் ஜோடியாக வைத்தால் எதையும் இரண்டு தடவை எழுத வேண்டும், வேகம் குறையும். 'போட்டு எடுக்கிற குப்பைக்கு எதுக்கு நகல்?' என்று நினைத்தாள். ஜோடியைப் பிரித்தாள். ஒரு டிஸ்கில் பாதி ஸ்வாப், மற்றதில் பாதி ஸ்வாப், இரண்டும் தனித்தனி. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போட்டு எடுத்ததில் பெட்டி பறந்தது. கணீர் அக்கா வாயை மூடிக்கொண்டாள். அந்த வெற்றி தந்த சந்தோஷத்தில், தான் பிரித்தது என்ன என்பதையே பெட்டிக்காரி மறந்துபோனாள்.

புயல் வந்த மதியம் அது நினைவுக்கு வந்தது.

காலையிலிருந்தே மழை சுவர் மாதிரி நின்று பெய்தது. தெருவில் ஓடிய தண்ணீரில் யாருடைய வீட்டு வாளியோ மிதந்து போயிற்று. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. லைன் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது, கிடைத்தவர்கள் விடவில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு அழைப்புகள். சர்வரின் மேசை நிரம்பி, ஸ்வாப்பும் நிரம்பிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் திரையில் சிவப்பு வரி வந்தது. இரண்டாவது டிஸ்க் படிக்க மறுக்கிறது. ஜோடியிலிருந்து அதை விலக்கிவிட்டேன் என்றது சர்வர்.

கூடத்தில் நடந்துகொண்டிருந்த மேலாளர் கண்ணாடி வழியாக அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். எதற்கும் தன் கையெழுத்து வேண்டும் என்று நினைக்கிற மனிதர்; மோசமானவர் இல்லை.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒரு டிஸ்க் போச்சு சார். இன்னொண்ணு தாங்குது. பயப்படாதீங்க."

"அப்பாடா. நீ சொல்லுவியே, அது இதுதானா?"

"இதுதான் சார்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த திரைக்குப் போனவளின் விரல் அங்கேயே நின்றது.

ஸ்வாப் கணக்கு. முதல் டிஸ்கில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கிலும் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அதற்கு நகல் கிடையாது.

சேமித்து வைத்த கோப்புகள் பத்திரம். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் தொலைபேசி மென்பொருளின் ஒரு துண்டு அந்தச் சாகும் டிஸ்கில் கிடந்தால்? அந்தத் துண்டை சர்வர் கேட்கும் நேரத்தில் டிஸ்க் கையை விரித்தால்? மென்பொருள் அப்படியே விழும். விழுந்தால் எல்லா அழைப்பும் ஒரே நேரத்தில் அறுந்துபோகும்.

கூடத்திலிருந்து கணீரென்று குரல் வந்தது. "ஐயா, அழாதீங்க. நீங்க அழுதா அவங்க யாரைப் பார்த்து தைரியமா இருப்பாங்க? சொல்லுங்க, தலை தெரியுதா?"

பெட்டிக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கணீர் அக்காவைச் சுற்றி மற்ற செவிலியர்கள் தங்கள் அழைப்புகளைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் காதோடு சொன்னார்: "வீட்டுலயே பிரசவம். புருஷன் வெளியூர்ல மாட்டிக்கிட்டான். வீட்டைச் சுத்தித் தண்ணி, ஆம்புலன்ஸ் கிளம்பி இன்னும் போய்ச் சேரலை. பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் கூட இருக்கார். அந்த ஆள் லைன் கிடைக்கவே காலையிலேருந்து போராடியிருக்கார். அந்தப் பக்கம் ஒரே ஒரு கோபுரம்தான் உயிரோட இருக்காம். அறுந்தா திரும்பக் கிடைக்காது."

அவள் திரும்பி ஓடி நாற்காலியில் விழுந்தாள்.

வழி ஒன்றுதான். அந்த டிஸ்கில் கிடக்கும் ஸ்வாப்பை மூடச் சொல்ல வேண்டும். மூடும்போது அங்கே கிடப்பதையெல்லாம் சர்வர் ஒவ்வொன்றாகப் படித்து மேசைக்குக் கொண்டுவரும். சாகிற டிஸ்க் அத்தனையையும் படித்துக் கொடுக்குமா? தெரியாது. சும்மா விட்டால் எந்த நொடியில் எந்தத் துண்டு தேவைப்படுமோ, அதுவும் தெரியாது. ஆனால் எடுத்து வைக்க மேசையில் இடம் வேண்டுமே! நல்ல டிஸ்கில் புதிதாக ஒரு ஸ்வாப் போடலாம் என்றால், சேர்ந்துபோன பதிவுகள் அங்கே மூச்சுவிட இடம் வைக்கவில்லை. மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய ஆள் ஒன்றுதான்: ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்கிற மென்பொருள்.

"சார், பதிவை நிறுத்தணும்."

மேலாளர் முகம் வெளிறியது. "விளையாடுறியா? பதிவு இல்லாம ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு விதி. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் யாரைச் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு சமயம் ஒரு குடும்பம், கணீர் அக்கா தப்பாகச் சொன்னதால்தான் குழந்தை போயிற்று என்று புகார் கொடுத்தது. அக்கா வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் அவை. தம்பி வந்து சோறு ஊட்டாத குறையாக உட்கார்ந்திருந்தான். விசாரணையில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அவள் சொன்னது அத்தனையும் சரி. அதற்குப் பிறகு, பதிவு விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் கணீர் அக்கா வாயைத் திறந்ததே இல்லை.

இப்போது அந்த விளக்கைத்தான் இவள் அணைக்க வேண்டும்.

பெட்டிக்காரி கூடத்துக்குள் போய் அண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டாள். தையல்காரர் துணி எடுக்கப் போயிருந்த நேரம். கணீர் அக்கா தன் பக்கத்துப் பேச்சை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன? சீக்கிரம் சொல்லு."

"அண்ணி, பெட்டி விழுந்தாலும் விழுந்துடும். தப்பு என்னுதுதான். ரெண்டா வெச்சிருக்கேன்னு சொன்னேனே, ஒரு இடத்துல மட்டும் ஒண்ணா வெச்சுட்டேன். இப்ப பதிவை நிறுத்தினா காப்பாத்தப் பார்க்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது."

கணீர் அக்கா அவளையே பார்த்தாள். ஏச்சு வரும், இத்தனை வருஷமும் சேர்த்து வைத்தது வரும் என்று பெட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதிவு இல்லேன்னா எனக்குன்னு பேச ஒரு சாட்சி இருக்காது. தெரியும் இல்ல உனக்கு?"

"தெரியும் அண்ணி."

ஹெட்போனில் தையல்காரரின் மூச்சிரைப்பு திரும்ப வந்தது. கணீர் அக்கா விளக்கைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நிறுத்து" என்றாள். "போ. நின்னுட்டு இருக்காதே."

மேலாளர் குறுக்கே வந்தார். "என் கையெழுத்து இல்லாம எப்படிம்மா..."

"கையெழுத்தை அப்புறம் போடுங்க சார். இப்ப ஒரு காகிதத்தை எடுத்துட்டு என் பக்கத்துல உட்காருங்க. நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. இனி நீங்கதான் என் பதிவு."

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தார்.

பெட்டிக்காரி பதிவை நிறுத்தினாள். கூடத்தில் பதிவைக் காட்டும் சிவப்பு விளக்குகள் வரிசையாக அணைந்தன. அறிக்கை தயாரிப்பது, செவிலியர்களின் திரைகள், நிறுத்தக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்தினாள். மேசையில் இடம் பிறந்தது. கட்டளையை அடித்தாள். விரல் ஒரு கணம் தயங்கியது. அழுத்தினாள்.

டிஸ்க் உறுமியது.

அந்த ஸ்வாப்பில் இன்னும் மீதி இருப்பதைக் காட்டும் எண் இறங்கத் தொடங்கியது. கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அண்ணியின் குரல் அறையெல்லாம் நிறைந்தது.

"முக்கச் சொல்லுங்க. இப்ப. ஆங், அப்படித்தான். தலையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தாங்கிக்கிட்டா போதும்."

எண் இறங்கிற்று. பாதிக்கும் கீழே போயிற்று. பிறகு வேகம் குறைந்தது. நொண்டியது.

"என்னது, கத்தரிக்கோலா? ஐயா, அதைக் கீழே போடுங்க! தொப்புள் கொடியை யாரும் வெட்டச் சொல்லலை. இது சட்டை இல்லை! ஆம்புலன்ஸ்காரங்க வந்து பார்த்துப்பாங்க."

மேலாளர் மும்முரமாக எழுதினார்: 'இது சட்டை இல்லை.'

எண் நின்றுவிட்டது.

உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். டிஸ்கின் ஊசி ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தடவிப் பார்க்கிறது. பெட்டிக்காரி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். படிக்க முடியாத துண்டு எதுவோ ஒன்றில் வந்து நிற்கிறது. அது யாருடைய துண்டு? தொலைபேசியுடையதா? கேட்டால் சர்வர் சொல்லாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

"வந்துடுச்சா? நல்லது. அழுகுதா?" கணீர் அக்காவின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "அழலையா?"

கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். மேலாளரின் பேனா நின்றது.

டக். டக்.

'என்னை எடுத்துக்கோ. அந்த லைனை விட்டுடு' என்று பெட்டிக்காரி யாரிடம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரியாது. கன்னத்தில் ஓடியதைத் துடைக்கக் கை வரவில்லை.

"ஐயா, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. காய்ஞ்ச துணியை எடுங்க. உடம்பைத் துடைங்க. முதுகை அழுத்தித் தேய்ங்க. பயப்படாதீங்க, உடையாது. தேய்ங்க. நிறுத்தாதீங்க. நான் இங்கேதான் இருக்கேன். எங்கேயும் போக மாட்டேன்."

எங்கேயும் போக மாட்டேன். அந்தச் சொல் காப்பாற்றப்படுமா என்பது இந்த அறையில் இருக்கிறது.

திரையில் ஒரு வரி விழுந்தது. படிக்க முடியவில்லை. அதை நம்பியிருந்த மென்பொருள் கொல்லப்பட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இன்னும் தேய்ங்க" என்றது கணீர்க் குரல்.

கண்ணைத் திறந்தாள். கூடத்துச் சுவரில் காத்திருப்பவர் எண்ணிக்கையைக் காட்டும் பெரிய பலகை, அவசரத்தில் அவள் நிறுத்த மறந்தது, கறுப்பாகிக் கிடந்தது. 'ஐயோ' அதற்குத்தான். செத்தது பலகையின் மென்பொருள். தொலைபேசி இல்லை. எண் மடமடவென்று இறங்கி, ஒன்றுமில்லாமல் போய், கட்டளை முடிந்து திரும்பி வந்தது. செத்த டிஸ்கை நம்பி இனி அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

கூடத்தின் பக்கம் திரும்பினாள். கணீர் அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். முகம் கல்லாக இருந்தது. பிறகு அந்தக் கல் மெல்ல உடைந்தது. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள்.

மழைச் சத்தத்துக்கு நடுவே, கரகரப்புக்கு நடுவே, பிறந்த குழந்தை ஒன்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா நெஞ்சு மேலே போட்டு, ரெண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்க" என்று அக்கா சொல்லும்போதே குரல் உடைந்துபோயிற்று. சற்றுப் பொறுத்துத் தையல்காரர் கத்தினார்: "அம்மா, ஆம்புலன்ஸ்காரங்க தண்ணில இறங்கி வந்துட்டாங்க! வீட்டுக்குள்ளே வந்துட்டாங்க!"

டொக்.

அழைப்பு போய்விட்டது. பெட்டிக்காரி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணி! விழுந்துடுச்சா?"

"இல்லடி. அந்த ஆளே வெச்சுட்டார்" என்றாள் கணீர் அக்கா. "ஒரு நன்றி கூடச் சொல்லாம வெச்சுட்டார் பாரேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கூடமே இரண்டையும் செய்தது.

மழை விட்ட பிறகு புது டிஸ்க் வந்தது. புயலில் முடங்கி மீண்டிருந்த கிளை நிலையத்துக்கு அழைப்புகளைத் திருப்பிவிட்டு, பெட்டிக்காரி வேலையில் இறங்கினாள். பழைய டிஸ்கை உருவினாள், புதியதை மாட்டினாள், கோப்புகளின் ஜோடி ஒன்றுசேரும் வரை காத்திருந்தாள். பிறகு ஸ்வாப்புக்கு வந்தாள். இரண்டு டிஸ்கிலும் இருந்த அந்தப் பகுதிகளைச் சேர்த்து முதலில் ஒரு ஜோடியாக்கினாள். அந்த ஜோடியின் மேல் ஸ்வாப்பை அமைத்தாள். இனி குப்பைக்கும் நகல் உண்டு.

கணீர் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த அறைக்குள் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் மாட்டு வண்டின்னு கிண்டல் பண்ணேனே, அதுக்கா பிரிச்சே?"

"ம்."

"என்கிட்ட திரும்பத் திட்டியிருக்கலாம் இல்ல? வாய் இல்லையா உனக்கு?"

"உங்களைத் திட்டிட்டு வீட்டுக்குப் போனா உங்க தம்பி சும்மா விடுவாரா?"

"அவன் கிடக்கான்." அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். "இப்ப மெதுவா போகுமா?"

"கொஞ்சம் போகும் அண்ணி."

"போகட்டும். சரி, இது நிஜமாவே தாங்கும்னு நான் எப்படி நம்பறது?"

பெட்டிக்காரி ஒரு போனை எடுத்து சர்வர் வழியாகவே வீட்டுக்கு அழைப்புப் போட்டாள். மேசை நிரம்பி ஸ்வாப்பில் வழியும் வரை சர்வருக்கு வேலை கொடுத்தாள். பிறகு டிஸ்கின் கேபிளைக் காட்டினாள். "நீங்களே பிடுங்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

போனில் தம்பியின் குரல். "என்னம்மா, எப்ப வரே? கூரையில ஒழுகுது, வாளி வெச்சிருக்கேன். அக்கா கோவமா இருக்காளா இன்னும்? உன்னைத் திட்டினாளா?"

கணீர் அக்கா கேபிளைப் பிடித்தாள். தம்பி பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள்.

திரை சிவப்பாயிற்று. பெட்டி தொடர்ந்து இரைந்தது.

"ஹலோ? ஏன் பேச மாட்டேங்கறே? திட்டிட்டாளா?"

"இல்லடா" என்று அக்கா போனை வாங்கிக்கொண்டாள். கையில் கேபிள் இன்னும் தொங்கியது. "லைன்ல இரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வரோம்."